வீடியோவில் நேர்முகத் தேர்வு: கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி?

சென்ற ஆண்டு என் அக்கா மகளுக்கு ஒரு நிறுவனத்திலிருந்து இமெயில் வந்தது. பி.காம். முடித்து, டேலி கற்று, பல இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. நேரில் வர வேண்டாம், ஜூம் வழியாகக் காலை 11 மணிக்கு நேர்முகத் தேர்வு என்று எழுதி, ஒரு லிங்க் கொடுத்திருந்தார்கள். வீட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் இரவு எனக்குப் போன் செய்து, "மாமா, என்னென்ன பார்த்து வைக்கணும்?" என்று கேட்டாள். பல ஆண்டுகளாக மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக் கொடுத்து வருபவன் நான். "என்ன இருக்கு? லிங்க்ல கிளிக் பண்ணு, பேசு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் நடந்தது இதுதான். மொபைல் போனுடன் வந்த இயர்போனை அவள் சி.பி.யு. பெட்டியின் பச்சை நிறத் துளையில் செருகியிருந்தாள். தேர்வு நடத்தியவர்களின் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இயர்போன் ஒயரில் இருக்கும் சிறிய மைக்கை வாயருகே பிடித்துக் கொண்டு, மெதுவாக, அடக்கமாகப் பதில் சொன்னாள். ஆனால் அந்த மைக்கிற்கும் கம்ப்யூட்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மானிட்டரின் மேல் மாட்டியிருந்த வெப்கேமில் உள்ள மைக்கைத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக் கொண்டது. அது அவளிடமிருந்து மூன்று அடி தூரத்தில் இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக் கொண்டிருந்தது. எதிர் முனையில் இருந்தவர்களுக்குக் காற்றின் இரைச்சலும், எங்கோ தொலைவில் ஒரு குரலும்தான் கேட்டிருக்கிறது. "சரியாகக் கேட்கவில்லை" என்று மூன்று முறை சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவள் இயர்போன் மைக்கை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டு போனாள். எட்டு நிமிடத்தில், பிறகு தொடர்பு கொள்கிறோம் என்று முடித்துக் கொண்டார்கள். பிறகு யாரும் தொடர்பு கொள்ளவில்லை.

"அவங்க பேசினது எனக்கு நல்லா கேட்டுச்சே மாமா" என்று அவள் சொன்னபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. வீடியோ அழைப்பில் நமக்குக் கேட்பது ஒரு வழியாக வருகிறது. நம் குரல் வேறு வழியாகப் போகிறது. ஸ்பீக்கர் வேறு, மைக் வேறு. டவுன்லோட் வேறு, அப்லோட் வேறு. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நாம் எதிர் முனைக்கு எப்படித் தெரிகிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதை நம் நாற்காலியில் இருந்தபடி அறிய வழியில்லை. எனவே தயாரிப்பு என்பது ஒவ்வொன்றையும் எதிர் முனையிலிருந்து சோதித்துப் பார்ப்பதுதான். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம். இங்கு விண்டோஸ் 11 சிஸ்டத்தை வைத்து விளக்கியுள்ளேன்.

எந்த புரோகிராம்?

முதலில் அழைப்பு வந்த இமெயிலை நன்றாகப் படியுங்கள். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாப்ட் டீம்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. பழைய புத்தகங்களில் ஸ்கைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2003ல் அறிமுகமான அந்தச் சேவை 2025 மே 5 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது.

கூகுள் மீட் பயன்படுத்த எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரிலேயே இயங்கும். டீம்ஸ் அழைப்பிலும் பிரவுசர் வழியாக நுழையலாம். ஜூம் என்றால் அதன் புரோகிராமை இன்ஸ்டால் செய்து கொள்வது நல்லது. இது இப்போது ஜூம் ஒர்க்பிளேஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. ஜூம் நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடுங்கள். தேர்வு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது லிங்க்கில் கிளிக் செய்து, அப்போது "இன்ஸ்டால்" என்று கேட்டால் பதற்றம்தான் மிஞ்சும். இரண்டு நாட்கள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

அடுத்து, திரையில் உங்கள் பெயர் எப்படித் தோன்றும் என்று பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அப்பா அல்லது அண்ணனின் அக்கவுண்ட் இருக்கும். அதே பெயர் எதிர் முனையில் தோன்றும். விண்ணப்பத்தில் உள்ள உங்கள் பெயர் தோன்றும்படி மாற்றுங்கள்.

படத்தை விட ஒலி முக்கியம்

படம் சற்று மங்கலாக இருந்தாலும் பேச்சு நடக்கும். குரல் போகாவிட்டால் தேர்வே இல்லை. எனவே ஒலியிலிருந்து தொடங்குங்கள்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பெட்டியில் பொதுவாக பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள் இருக்கும். பச்சை நிறத்தில் இருப்பது ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் உரியது. இளஞ்சிவப்பில் இருப்பது மைக்கிற்கு உரியது. மொபைல் போன் இயர்போனின் பின்னில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். உலோக முனையைக் கவனித்தால் மூன்று கறுப்புக் கோடுகள் தெரியும். அதைப் பச்சைத் துளையில் செருகினால் ஒலி கேட்கும், மைக் இயங்காது. என் அக்கா மகளுக்கு நடந்தது இதுதான். இதற்குத் தீர்வு ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் ஒயர். குறைந்த விலையில் கடைகளில் கிடைக்கும். அல்லது யு.எஸ்.பி. துளையில் செருகும் ஹெட்செட் வாங்கலாம். லேப்டாப்பிலும் புதிய சில டெஸ்க்டாப்களிலும் ஒரே துளைதான் இருக்கும். அதன் அருகே மைக்குடன் கூடிய ஹெட்போன் படம் இருந்தால் போன் இயர்போன் அப்படியே இயங்கும்.

இயர்போன் இல்லாமல் ஸ்பீக்கரை வைத்துப் பேசலாமா? கூடுமானவரை வேண்டாம். எதிரில் பேசுபவரின் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்து, மீண்டும் உங்கள் மைக்கில் நுழைந்து, அவருக்கே எதிரொலியாகத் திரும்பும். இதைத் தடுக்கும் வசதி ஜூம் போன்ற புரோகிராம்களில் இருந்தாலும், அது இயங்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் அமுங்கிவிடலாம். எதிரொலி உங்களுக்குக் கேட்காது, அவருக்குத்தான் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் பாட்டு கேட்கும்போது கிடைக்கும் தரம், அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பெரும்பாலும் கிடைப்பதில்லை. மைக் இயங்கத் தொடங்கியதும் அது தரம் குறைந்த வேறு முறைக்கு மாறிக் கொள்ளும். பாதியில் சார்ஜ் தீர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஒயர் உள்ள சாதாரண இயர்போனே இதற்கு நல்லது.

மைக்கை இரண்டு இடங்களில் சோதியுங்கள்

ஸ்டார்ட் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். அங்கு சிஸ்டம், பின்னர் சவுண்ட் எனத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் பக்கத்தில் "இன்புட்" என்ற பிரிவு இருக்கும். கம்ப்யூட்டருடன் இணைந்துள்ள மைக்குகள் அனைத்தும் அங்கு பட்டியலாகக் காட்டப்படும். வெப்கேம் மைக், ஹெட்செட் மைக் எனப் பல இருக்கலாம். உங்களுக்குத் தேவையானதைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். அருகில் உள்ள கோடு உங்கள் குரலுக்கு ஏற்ப அசைய வேண்டும். சந்தேகம் இருந்தால் மைக்கை விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். எந்த மைக்கைத் தட்டும்போது கோடு துள்ளுகிறதோ அதுதான் இயங்கும் மைக்.

இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஜூம், டீம்ஸ் போன்றவை விண்டோஸ் தேர்வு செய்ததை விட்டுவிட்டு, வேறு ஒரு மைக்கைத் தாமாகவே பிடித்துக் கொண்டிருக்கக் கூடும். ஜூமில் செட்டிங்ஸ் சென்று ஆடியோ பிரிவைத் திறந்தால், மைக் பெயரும் "டெஸ்ட் மைக்" என்ற பட்டனும் இருக்கும். பட்டனை அழுத்திப் பேசினால், பேசியதைப் பதிவு செய்து உங்களுக்கே திரும்பப் போட்டுக் காட்டும். கூகுள் மீட்டிலும் டீம்ஸிலும் அழைப்பில் நுழையும் முன் ஒரு திரை வரும். அதில் கேமரா, மைக் பெயர்களைப் பார்த்து மாற்றிக் கொள்ளலாம். அந்தத் திரையைப் படிக்காமல் "ஜாயின்" பட்டனை அழுத்துபவர்கள்தான் அதிகம்.

அனுமதி கொடுத்தீர்களா?

மைக்கும் கேமராவும் சரியாக இருந்தும் இயங்காவிட்டால், பெரும்பாலும் அனுமதிதான் காரணம். செட்டிங்ஸ் பகுதியில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி சென்று, கேமரா, மைக்ரோபோன் என்ற இரண்டு பக்கங்களையும் பாருங்கள். புரோகிராம்கள் பயன்படுத்தலாம் என்ற சுவிட்சுகள் "ஆன்" நிலையில் இருக்க வேண்டும். டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கெனக் கீழே தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். அதையும் மறக்காமல் கவனியுங்கள்.

பிரவுசரில் தேர்வு என்றால், அந்தத் தளமும் ஒரு முறை அனுமதி கேட்கும். அவசரத்தில் "பிளாக்" அழுத்தியிருந்தால், அட்ரஸ் பாரின் இடது ஓரத்தில் உள்ள சிறிய ஐகானில் கிளிக் செய்து மாற்றிவிடலாம். பல லேப்டாப்களில் லென்சை மூடும் சிறிய தகடு ஒன்று இருக்கும். திரை கறுப்பாகவே இருந்தால் செட்டிங்ஸைத் தேடும் முன் அந்தத் தகடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேமராவும் வெளிச்சமும்

கேமரா தான் பார்க்கும் காட்சி முழுவதற்கும் சேர்த்து வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. உங்களுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், வெளிச்சம் மிக அதிகம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். முகம் நிழலாகிப் போகும். எனவே ஜன்னலை நோக்கி நீங்கள் உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் வேண்டாம். இரவு நேரம் என்றால் டியூப்லைட் உங்களுக்கு முன்னால் இருக்கட்டும்.

திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினால் கேமரா பழுதடைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில கேமராக்கள் 60 ஹெர்ட்ஸ் கணக்கில் இயங்கும்போது விளக்கொளி இப்படித் துடிக்கும். விண்டோஸில் உள்ள கேமரா அப்ளிகேஷனின் செட்டிங்ஸில் "பிளிக்கர் ரிடக்‌ஷன்" என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். லேப்டாப் என்றால் கீழே நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கினால் போதும். பேசும்போது திரையில் உள்ள முகத்தைப் பார்த்தால், எதிர் முனையில் நீங்கள் கீழே பார்ப்பது போலத் தெரியும். இதற்கு ஒரு எளிய வழி, வீடியோ விண்டோவைச் சிறியதாக்கி, திரையின் மேல் பக்கம், லென்சுக்கு நேர் கீழே இழுத்து வைப்பது. அவர்கள் பேசும்போது அதைப் பாருங்கள்; நீங்கள் பதில் சொல்லும்போது லென்சைப் பாருங்கள். பதில்களைத் திரையில் வைத்துக் கொண்டு படிக்க முயன்றால் உங்கள் கண்ணசைவே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று. ஜூமில் உங்கள் படம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறித் தெரியும். சான்றிதழைக் காட்டினால் எழுத்துக்கள் தலைகீழாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். அவர்களுக்கு அது சரியாகவே தெரியும்.

இண்டர்நெட்: அப்லோட் வேகத்தைப் பாருங்கள்

இண்டர்நெட் இணைப்பு வாங்கும்போது நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் டவுன்லோட் வேகம். நம் படமும் குரலும் வெளியே செல்வதோ அப்லோட் வழியாக. பிரவுசரில் பாஸ்ட் டாட் காம் என்ற தளத்தைத் திறந்தால் முதலில் டவுன்லோட் வேகம் மட்டும் காட்டும். அதன் கீழே கூடுதல் தகவல் கேட்கும் பட்டனை அழுத்தினால்தான் அப்லோட் வேகமும் தாமதமும் தெரியும்.

எவ்வளவு வேண்டும்? இருவர் பேசும் நல்ல தரமான வீடியோவிற்கு, போக 600 கே.பி.பி.எஸ்., வர 600 கே.பி.பி.எஸ். வேண்டும் என்று ஜூம் கூறுகிறது. துல்லியமான எச்.டி. படத்திற்கு 1.2 எம்.பி.பி.எஸ். தேவை. குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கே.பி.பி.எஸ். போதும். இணைப்பு தடுமாறும்போது இந்தக் கணக்கு கை கொடுக்கும். வீடியோவை நிறுத்தினால் தேவை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குரல் தெளிவாகப் போகும். "இணைப்பு சரியாக இல்லை, சிறிது நேரம் வீடியோவை நிறுத்திக் கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

மொபைல் டேட்டாவில் பேசுபவர்களுக்கும் இந்த எண்கள் உதவும். போக 600, வர 600 என்றால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 540 எம்.பி. செலவாகும். அன்றைய டேட்டாவில் அவ்வளவு மீதம் இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள்.

முடிந்தால் ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் போடுங்கள். வை-பை என்றால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். இடையில் வரும் ஒவ்வொரு சுவரும் சிக்னலைக் குறைக்கும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் மற்றவர்கள் டி.வி.யில் இண்டர்நெட் படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் ஆடும் திரைச்சீலை கூட டேட்டாவைத் தின்னும். வீடியோவை அனுப்பும்போது ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள மாற்றங்களே பெரும்பாலும் அனுப்பப்படுகின்றன. அசையாத சுவர் பின்னால் இருந்தால் மாற்றம் குறைவு. உங்கள் முகம் தெளிவாகப் போகும்.

மாற்று ஏற்பாடாக ஒரு மொபைல் போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, அதன் செட்டிங்ஸில் "யு.எஸ்.பி. டெதரிங்" ஆன் செய்து ஒரு முறை சோதித்து வைத்துக் கொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் உள்ள போனாக இருந்தால் இன்னும் நல்லது.

மின்சாரமும் மற்ற இடையூறுகளும்

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடும். தேர்வு நாள் தெரிந்ததும் அதைப் பாருங்கள். யு.பி.எஸ். இருக்கிறதே என்று நம்பி இருப்பவர்கள், ரூட்டர் எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று பார்த்ததுண்டா? பல வீடுகளில் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸிலும் ரூட்டர் சாதாரணப் பிளக்கிலும் இருக்கும். மின்சாரம் போனால் கம்ப்யூட்டர் நிற்காது, இணைப்பு நின்றுவிடும். இரண்டையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டி, மெயின் சுவிட்சை ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் சென்று, காத்திருக்கும் அப்டேட்களை முதல் நாளே முடித்துவிட்டு, ஒரு வாரத்திற்கு நிறுத்தி வையுங்கள். சிஸ்டம், பின்னர் நோட்டிபிகேஷன்ஸ் சென்று "டூ நாட் டிஸ்டர்ப்" ஆன் செய்திடுங்கள். திரையைப் பகிரச் சொன்னால் முழுத் திரையையும் பகிராமல், அவர்கள் கேட்ட விண்டோவை மட்டும் பகிருங்கள்.

ஒத்திகை

இப்போது கூறிய அனைத்தையும் செய்த பிறகும் நாம் நம் நாற்காலியில்தான் இருக்கிறோம். எதிர் முனை இன்னும் நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒத்திகை தேவை.

இரண்டு மாதம் கழித்து அக்கா மகளுக்கு அடுத்த அழைப்பு வந்தது. இந்த முறை நான் முன்பு போல அலட்சியமாக இருக்கவில்லை. தேர்வு நேரம் காலை 11 மணி என்பதால், முதல் நாள் அதே 11 மணிக்கு ஒத்திகை வைத்தோம். அவள் அதே அறையில், அதே நாற்காலியில், அதே உடையில். நான் என் வீட்டில். ஜூமின் இலவச அக்கவுண்டில் 40 நிமிடம் பேசலாம். ஒத்திகைக்கு அது போதும். நான் கேள்வி கேட்டேன். அவள் பதில் சொன்னாள். ஜூமிலேயே பதிவு செய்தோம்.

பதிவு செய்ததைப் போட்டுப் பார்த்தபோது ஐந்து குறைகள் தெரிந்தன. பெயர் இருக்கும் இடத்தில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது. 11 மணிக்கு எதிர் வீட்டு மாடியில் பட்டுத் திரும்பும் வெயில் நேராக லென்சில் விழுந்தது. இயர்போன் மைக் சுடிதார் காலரில் உரசி, கரகரவென்று சத்தம் வந்தது. சமையலறைக் குக்கர் விசில் என் காதைத் துளைத்தது. அவளோ அதைக் கவனிக்கவே இல்லை. எல்லாவற்றையும் விட, நான் கேள்வியை முடிக்கும் முன்பே அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். நேரில் இது பெரிதாகத் தெரியாது. இண்டர்நெட்டில் குரல் போய்ச் சேரச் சிறிது தாமதம் ஆவதால் இரண்டு குரலும் மோதிக் கொண்டன. கேள்வி முடிந்து ஒரு விநாடி கழித்துப் பேசு என்று சொன்னேன். ஐந்தையும் சரி செய்து, மாலையில் மீண்டும் ஒரு முறை பேசிப் பார்த்தோம்.

ஒத்திகைக்கு ஆள் கிடைக்காதவர்கள், ஒரு மொபைல் போனில் ஜூமைத் திறந்து, அதையே எதிர் முனையாக வைத்துப் பார்க்கலாம். ஆனால் போனை வேறு அறையில் வைத்து, கதவை மூடுங்கள். இரண்டும் அருகருகே இருந்தால் ஊளைச் சத்தம்தான் வரும்.

சில நிறுவனங்கள் எதிரில் ஆள் இல்லாமலேயே தேர்வு நடத்துகின்றன. தளத்தில் கேள்வி தோன்றும். குறிப்பிட்ட நேரத்திற்குள் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். இதில் குரல் போகவில்லை என்று சொல்ல அங்கு யாரும் இருக்க மாட்டார்கள். பயிற்சிக் கேள்வி கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்திப் பாருங்கள்.

தேர்வு நாளன்று

1. ஒரு மணி நேரம் முன்பு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, தேவையற்ற புரோகிராம்களை மூடுங்கள்.

2. மீட்டிங் எண், பாஸ்கோட், அழைத்தவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி அருகில் வையுங்கள். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் இமெயிலில் இருக்கும் எண் உதவாது.

3. வெளிநாட்டு நிறுவனம் என்றால், குறிப்பிட்ட நேரம் இந்திய நேரமா என்று உறுதி செய்திடுங்கள்.

4. மின்விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். டேபிள் பேன் காற்று மைக்கில் நேராகப் படக் கூடாது.

5. பத்து நிமிடம் முன்பு நுழைந்து, மைக் பெயரை மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

6. பேசத் தொடங்கியதும் "என் குரல் தெளிவாகக் கேட்கிறதா?" என்று கேளுங்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. இணைப்பு அறுந்தால் மீண்டும் அதே லிங்க்கில் நுழையுங்கள். முடியாவிட்டால் உடனே போன் செய்து சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை

வீடியோ தேர்வு என்ற பெயரில் ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று பணம் கேட்டால் அது மோசடி. உங்கள் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொன்னாலும், ஓ.டி.பி. கேட்டாலும் உடனே வெளியேறுங்கள். அழைப்பு வந்த இமெயில் முகவரி அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள முகவரியுடன் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்திடலாம்.

அந்த இரண்டாவது தேர்வு 35 நிமிடம் நடந்தது. நடுவில் மின்சாரம் போனது, யு.பி.எஸ். தாங்கியது. அந்த வேலையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் காரணம் வேறு. ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைச் சரிபார்க்கும் முறை பற்றிக் கேட்டார்கள்; அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "இது நான் படிக்காத தப்பு மாமா, படிச்சுக்கறேன்" என்றாள். முதல் முறை போல அழவில்லை. படித்தாள். மூன்றாவது அழைப்பில் அதே கேள்வி வேறு விதமாக வந்தது; பதில் சொன்னாள். இப்போது கோவையில் வேலை பார்க்கிறாள்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்தால் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் படித்தது எதிரில் இருப்பவர் காதில் விழ வேண்டும் அல்லவா? உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஓர் அழைப்பு வந்து, உங்களிடம் வந்து கேட்டால், நான் முதலில் சொன்னது போல "அவ்வளவுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, எதிர் முனையில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.